பன்னிரண்டு விநாடி தாமதம்

ஜூன் 5, வெள்ளி

வாலுவின் அப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு அவள் கொண்டுவரும் பையில் இதை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அவள் இங்கே திரும்பும்போது பதிலை அதே பையில் வையுங்கள்.

விஷயம் அந்தச் செய்முறை வகுப்பைப் பற்றியதுதான். கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்து நடத்துகிறார்களே, அது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எழுத்துத் தேர்வில் நம் பெண்தான் முதலாம். ஆனால் சனிக்கிழமைகளில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். மற்றதுகள் எல்லாம் பசையும் தண்ணீருமாக அமர்க்களம் பண்ணும்போது இவள் மட்டும், "டீச்சர், இங்க வெட்டினா சரியா வருமா?" என்று கேட்கிறாளாம். "வெட்டித்தான் பாரேன்" என்றால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுகிறாளாம்.

27ஆம் தேதி ஒவ்வொரு பிள்ளையும் தானே செய்த தண்ணீர்க் கடிகாரத்தை மேஜையில் வைக்க வேண்டும். பாட்டில் மூடியில் ஓர் ஓட்டை. அது வழியாகத் தண்ணீர் இறங்கி, கீழே இருக்கும் கிண்ணம் நிறைந்து சாய்ந்து, மூன்று நிமிடத்தில் மணி அடிக்க வேண்டும். வைக்காவிட்டால் இவள் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். ஒன்பது வயதில் உன்னால் முடியாது என்று சொல்லி அனுப்பினால் தாங்குவாளா? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருந்துக்கடையில் நேற்று ஒரே ஆளுக்கு இரண்டு தடவை மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போனேன்.

உங்களிடம் கருவிகள் இருக்கின்றன. அவளை உட்கார வைத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் செய்துவிடாதீர்கள்.

வாலுவின் அம்மா

ஜூன் 7, ஞாயிறு

வாலுவின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ இப்படிப் பதறினால் பிள்ளை பதறாமல் என்ன செய்யும்? கோபப்படாதே, கடிதத்தில் கோபப்பட்டால் தாள்தான் கசங்கும்.

காலையில் என் லிஃப்ட் பழுதுபார்க்கும் சாமான்களை எல்லாம் ஒதுக்கி அவளுக்கு மேஜையைக் காலி பண்ணிக் கொடுத்தேன். அரை மணி நேரம் பாட்டிலை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஆணியை எடுத்தாள் பார், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூடியில் ஓட்டை போட்டு, சட்டை எல்லாம் நனைந்து, "அப்பா, மணி அடிச்சிருச்சு!" என்று குதித்தாள். சாயங்காலம் பார்த்தபோது மூன்று நிமிடம் இருபது விநாடி. சத்தியமாக நான் சும்மா ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு.

வாலுவின் அப்பா

ஜூன் 12, வெள்ளி

வாலுவின் அப்பாவுக்கு,

நீங்கள் சிரித்தீர்கள், இங்கே ஒரே அழுகை. திங்கட்கிழமை இங்கே கொண்டுவந்து வைத்தபோதும் அதே மூன்று இருபதுதான் வந்தது. புதன்கிழமை பள்ளியிலிருந்து வந்து ஓடவிட்டுப் பார்த்தால் இரண்டு நிமிடம் நாற்பதிலேயே மணி அடித்துவிட்டது. பாட்டிலைக் கழுவினாள், மேஜையை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள். கடைசியில் நோட்டில் எழுதியதை எல்லாம் ரப்பர் போட்டு அழித்தாள். தாள் கிழிந்துபோனது.

"நான்தாம்மா தப்பா பாக்கறேன்" என்கிறாள். இல்லைடி என்று சொன்னால் நம்பவில்லை. இரண்டு நாளாகக் கடிகாரத்தின் பக்கமே போகவில்லை. இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. தயவுசெய்து ஏதாவது சொல்லித் தேற்றுங்கள்.

வாலுவின் அம்மா

ஜூன் 14, ஞாயிறு

வாலுவின் அம்மாவுக்கு,

இந்தத் தடவை எனக்கும் கேலி பண்ணவெல்லாம் தெம்பில்லை.

இன்று என் எதிரில் கையை விரித்துக் காட்டி, "அப்பா, என் கைலதான் ஏதோ கோளாறு. நான் தொட்டா எல்லாம் மாறிடுது" என்றாள். இருபது வருஷமாக லிஃப்ட் குழிக்குள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறேன், இப்படிப் பயந்ததில்லை. அவளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். வந்த பிறகு ஓடவிட்டோம், மூன்று முப்பது. அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இந்த வகுப்பே வேண்டாம் என்று நிறுத்திவிடலாமா?

வாலுவின் அப்பா

ஜூன் 19, வெள்ளி

வாலுவின் அப்பாவுக்கு,

நிறுத்தக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன், முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நேற்று டீச்சர் அவள் நோட்டை என் முன்னால் விரித்து வைத்தார். ரப்பர் போட்டதற்கு மேலேயே திரும்பவும் எழுதியிருக்கிறாள். தேதி, நேரம், யார் வீடு, எந்த மேஜை, தண்ணீர் ஆறியதா சூடானதா, எல்லாம் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அம்மா வீட்டில் சீக்கிரம், அப்பா வீட்டில் தாமதம். கடைசியில் காரணம் என்ற இடத்தில், "என் கை நாளுக்கு நாள் மாறுகிறது" என்று எழுதியிருந்தது. டீச்சர் என்னையே பார்த்தார். "கடிகாரத்தை வேற யாராவது தொடறீங்களா?" என்று கேட்டார்.

நான்தான் தொட்டேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை அவள் குளிக்கப் போனபோது ஊசியை விட்டு ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். மூன்று நிமிடம் சரியாக வந்தால் சந்தோஷப்படுவாளே என்றுதான். கைதவறி அதிகமாகிவிட்டது. இந்த வாரமும் செய்தேன். அவள் அழுதபோதுகூட வாயைத் திறக்கவில்லை. நான் ஒரு பாவி.

ஆனால் ஒன்று. நான் ஓட்டையைப் பெரிதாக்கினேன். உங்கள் வீட்டில் அது சிறிதானது எப்படி?

வாலுவின் அம்மா

ஜூன் 21, ஞாயிறு

வாலுவின் அம்மாவுக்கு,

மாட்டிக்கொண்டேன். முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போயிருந்தபோது நான் ஓடவிட்டுப் பார்த்தேன், அவள் போட்ட ஓட்டையில் இரண்டு நிமிடம் பதினைந்துதான் வந்தது. அவள் வருவதற்குள் துளி பசை வைத்து ஓட்டையைச் சிறிதாக்கினேன். போன வாரமும் வைத்தேன். ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று உன்னிடம் சத்தியம் வேறு பண்ணினேன். வெட்கமாக இருக்கிறது.

உன்னைக் கேட்காமல் இன்று அவளிடம் சொல்லிவிட்டேன், நம் இரண்டு பேர் செய்ததையும். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அப்போ என் கை சரியாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

பழைய மூடியைக் குப்பையில் போட்டுவிட்டுப் புது மூடி எடுத்திருக்கிறாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. உன்னோடும் பேசமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன், பொறுத்துக்கொள். 27ஆம் தேதி வெளியூரில் லிஃப்ட் வேலை, எப்படியும் வர முடியாது. அந்த வாரம் அவள் உன்னிடமே இருக்கட்டும். நடந்ததை ஒன்று விடாமல் எழுது.

வாலுவின் அப்பா

ஜூலை 3, வெள்ளி

வாலுவின் அப்பாவுக்கு,

ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

என்னோடு ஐந்து நாள் பேசவில்லை. கடிகாரத்தைப் பள்ளியிலேயே டீச்சரின் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டாள். 27ஆம் தேதி வகுப்பில் பன்னிரண்டு கடிகாரமும் வரிசையாக இருந்தன. எனக்கு உள்ளங்கை எல்லாம் வேர்வை. பக்கத்தில் இருந்தவை மூன்று நிமிடத்துக்கு டாண் என்று அடித்தன. நம்முடையது அடிக்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் அடித்தது, மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடிக்கு.

டீச்சர், "என்னம்மா, லேட்டா அடிக்குதே?" என்றார்.

அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. "ஆமா டீச்சர், பன்னிரண்டு விநாடி லேட். அஞ்சு நாளா தினமும் அதே பன்னிரண்டுதான். யாரும் தொடல. இப்பதான் இதைச் சரிபண்ணவே முடியும், நானே பண்ணிக்கறேன்" என்றாள். எல்லார் முன்னாலும் ஆணியை எடுத்தாள். யாரிடமும் சரியா என்று கேட்கவில்லை. அடுத்த தடவை மூன்று நிமிடம் மூன்று விநாடி. இடம் அவளுக்குத்தான் என்று டீச்சர் சொன்னபோது நான் அழுதேன், அவள் அழவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "பசிக்குதும்மா" என்றாள். என்னோடு பேசிவிட்டாள்.

இப்போது புதிதாக ஏதோ செய்திருக்கிறாள். கோலிக்குண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. அட்டைப்பெட்டியில் போட்டுக் கயிறு கட்டி வைத்திருக்கிறாள், நாளைக்கு உங்கள் வீட்டுக்குக் கொண்டு வருவாள். உள்ளே ஏதோ ஒரு பக்கம் கோணலாக நிற்கிறது, ஓரத்து இடுக்கு வழியாகத் தெரிகிறது. ஒரு துண்டு அட்டையை மடித்து அடியில் சொருகினால் போதும், நிமிர்ந்துவிடும். நான் சொருகவில்லை. நீங்களும் பெட்டியைத் திறக்காதீர்கள்.

அது எவ்வளவு கஷ்டம் என்று இந்த உலகத்தில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். முடியவில்லை என்றால் போன் பண்ணுங்கள், எடுக்கிறேன்.

வாலுவின் அம்மா