கன்னத்தில் படர்ந்த சிவப்பு

அன்பு மகளுக்கு,

கொரோனாவால் ஆண்டாள் தேர் ஓடாத வருஷம் நீ லூபஸ் நோய் ஆராய்ச்சியில் சேர்ந்தாய். "உடம்பைக் காக்குற செல்லுக்குத் தப்பான தகவல் போகுதுப்பா. அது நம்மளையே அடிக்குது" என்றாய். நம் குடும்பத்தில் கன்னத்தில் சிவப்பு படர்ந்தவர்கள் யார் இருக்கிறார்கள், ரத்தம் வேண்டும் என்று இப்போது கேட்கிறாய்.

என் அக்கா வெள்ளைத்தாய்க்கு அது வந்தபோது மாரியாத்தா கோபம் என்று நேர்ந்துகொண்டு, வெயிலில் இருக்கன்குடிக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். "மூஞ்சி எரியுதுலே தம்பி" என்றாள். அந்த மாசமே போய்விட்டாள். என் தங்கைக்கும் அதே சிவப்பு. பொறவு கழுத்தில் கட்டி வந்து அவளும் செத்துப்போனாள்.

போன வாரம் வீடியோவில் உன் முகத்தைப் பார்த்தேன். "ஏசி அலர்ஜிப்பா" என்று சிரித்தாய். போனில் சொன்னால் உன் அம்மா காதில் விழும். அதனால் பக்கத்து வீட்டு யோகேஸ்வரியிடம் சொல்லி எழுத வைக்கிறேன்.

முதலில் உன் ரத்தத்தைப் பார். நீ கேட்டவர்களில் உயிரோடு மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான், விஜி.

அப்பா