ரெண்டு நாளைக்குத்தான்

அக்கா,

இன்று காலை உங்கள் தேயிலை டின்னைத் திறந்தேன். மலைநாட்டுத் தூளின் வாசத்தோடு சேற்று வாசமும் எழும்பியது. எத்தனை தரம் வெயிலில் வைத்தும் சேறு அந்த டின்னை விட்டுப் போவதாக இல்லை. "நீ போடுறது தேத்தண்ணியா புள்ள? சுடுதண்ணிக்குச் சாயம் பூசுற" என்று வேலிக்கு மேலால் என்னைக் கேலி செய்வீர்களே, அந்த வாய்க்காகவே அடிக்கடி தேத்தண்ணி போட்டேன். ஆறு ஊருக்குள் வந்த அன்று வீட்டிலிருந்த அத்தனையையும் விட்டுவிட்டு இந்த டின்னைத்தான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தீர்கள்.

அன்று காலை பாப்பாமோட்டையில் மழை விட்டு வெயில்கூட எறித்தது. கிராம அலுவலர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "மேல குளங்கள் நிரம்பி ஆறு பெருகி வருது. பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ. ரெண்டு நாளைக்குத்தான், ஒரு பையில உடுப்பு எடுத்தாக் காணும்" என்றார். நல்ல மனிதர், நன்மைக்குத்தான் சொன்னார். ஆனால் உலகத்தில் எத்தனையோ சொல் இருக்க, அந்தச் சொல்லைத்தானா எங்கள் இருவரிடமும் சொல்ல வேண்டும்?

தேயிலைத் தோட்டத்தில் கலவரம் வந்து உங்களை லொறியில் ஏற்றியபோதும் இரண்டு நாள் என்றார்களாம். அந்த லயத்து வீட்டை நீங்கள் பிறகு காணவேயில்லை. யுத்தத்துக்குப் பயந்து ஓலைத்தொடுவாயில் படகேறியபோது என் அப்பாவும் அதைத்தான் சொன்னார். நான் கடலுக்கு அக்கரை அகதி முகாமில்தான் பெரியபிள்ளையானேன். திரும்பி வந்தபோது எங்கள் குசினியில் வேறு யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு நாளுன்னா என்னான்னு நமக்குத் தெரியாதா புள்ள? எழும்புனா எவனாச்சும் வந்து குந்திக்குவான். நான் போவல" என்றீர்கள். நான் சிரித்தேன். ஆனாலும் என் காலும் படலையைத் தாண்டவில்லை. என் மனிசன் வேலைக்காகக் கொழும்பில் நின்றார். இழுத்துக்கொண்டு போகவும் ஆளில்லை.

தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது. முற்றத்தில் நின்றது முழங்காலுக்கு ஏறி, நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் இடுப்புக்கு வந்துவிட்டது. என் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் சீமெந்துத் தட்டில் ஏறினோம். ஏறும்போது தண்ணீருக்குள் கிடந்த தகரம் உங்கள் பாதத்தைக் கிழித்தது. என் சால்வையால் கட்டிவிட்டேன். அந்தச் சின்னத் தட்டில் ஒரு கறுப்புத் தாங்கியும் நாங்கள் இருவரும். கால் நீட்ட இடமில்லை.

"கொஞ்சம் தள்ளிக் குந்து புள்ள."

"எங்க தள்ளுறது அக்கா, தண்ணிக்குள்ளயா?"

இரண்டு பேரும் பைத்தியங்கள்போலச் சிரித்தோம். பிறகு யாருடைய மாடோ வயிறு ஊதி மிதந்து போனது. அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. போக ஓரடி நிலம் இல்லை, கூப்பிட ஒரு சனம் இல்லை. நான் அழுதேன். நீங்கள் அழவில்லை. உங்கள் வீட்டுக் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை.

அடுத்த நாள் பக்கத்துத் தீவிலிருந்து பெடியங்கள் மீன்பிடிப் படகை உழவு இயந்திரத்தில் ஏற்றிவந்து, வெள்ளம் மூடிய வயலுக்கு மேலால் அதை ஓட்டிவந்தார்கள். நான் இறங்கிவிட்டேன். நீங்கள் தாங்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீ போ. நான் வீட்டப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றீர்கள்.

"எந்த வீட்டை அக்கா? முகடு மட்டும்தான் தெரியுது!" எனக்கு வந்த கோபத்தில் படகே ஆடியது.

படகோட்டி ஓலைத்தொடுவாய்க்காரன். இயந்திரத்தை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னான்: "அம்மா, நானும் அக்கரையில இருந்து திரும்பி வந்தவன்தான். உங்கட பயம் எனக்கு விளங்குது. ஆனா இண்டைக்கு ஏறுங்கோ." அதற்குப் பிறகுதான் கையை நீட்டினீர்கள்.

சீனி வியாதிக்காரிக்குச் சேற்றுத் தண்ணீர் பட்ட காயம் லேசில் ஆறுமா? முதலில் விரல் கறுத்தது, பிறகு பாதம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்த உங்களை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்த அன்று, நீங்கள் உங்கள் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கையைப் பிடித்து, "வீட்டுல யாரும் வந்து குந்திடலையே புள்ள?" என்றுதான் கேட்டீர்கள்.

"இல்லை அக்கா. ஒருத்தரும் வரேல்லை." அது உண்மைதான். கதவும் யன்னலும் ஆற்றோடு போனதை மட்டும் நான் சொல்லவில்லை.

இப்போது மேட்டில் காணி தருகிறோம், இங்கிருந்து எழும்புங்கள் என்கிறார்கள் அதிகாரிகள். இன்னும் பதில் சொல்லவில்லை. வானம் இருட்டினால் இங்கே இருக்கப் பயம், எழும்பவும் பயம். உங்கள் பயத்தையும் சேர்த்து இப்போது நான்தான் சுமக்கிறேன்.

உங்கள் வீடு திறந்தபடி கிடக்கிறது, அக்கா. பூட்ட ஒன்றுமில்லை, தடுக்கவும் ஆளில்லை. ஆனாலும் ஒரு சனம் அதை எட்டிப் பார்க்கவில்லை. பின்னேரங்களில் ஒருத்தி மட்டும் போய் வெறும் நிலத்தில் குந்தியிருந்துவிட்டு வருகிறாள்.

நான்தான்.