புறா வலைக்குள் ஒரு கம்பி

வெள்ளவத்தை,
வியாழக்கிழமை.

அன்பு மகள் உஷாந்திக்கும் மருமகன் ஜனாவுக்கும் பேத்தி தாரிகாக் குட்டிக்கும்,

அந்தக் குளிருக்குள் நீங்கள் மூன்று பேரும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு இதை எழுதத் தொடங்குகிறேன். இங்கே நான் சுகம். நாங்கள் சுகம் என்று எழுதிப் பழகின கை இந்த இடத்தில் ஒருக்கால் நின்றுதான் போகிறது, ஆனாலும் சுகம்தான், பொய் சொல்லவில்லை. பிரஷர் குளிசை ஒழுங்காகப் போடுகிறேன், முழங்கால் நோ மழைக்கு மட்டும் வருகிறது. நாலாம் மாடி டொக்டர் அம்மா சனிக்கிழமை ரொறொன்ரோவுக்குப் பயணம், அவவின் பெட்டியில் இடம் இருக்கிறது என்றா, அதனால் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் தாரிகாவுக்குத் தைத்த இரண்டு சட்டையும் இந்தக் கடிதமும் வருகிறது. சட்டையின் கரையை இரண்டு அங்குலம் உள்ளே மடித்து வைத்திருக்கிறேன், பிள்ளை வளர வளர இறக்கி விடு, வெட்டிப் போடாதே. போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய், போனில் என்றால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நான் அழுதுவிடுவேன், பிறகு சொல்ல வந்தது போய்விடும். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தவள், எழுத்துப் பிழையைப் பார்க்காமல் விஷயத்தைப் பார்.

அப்பாவின் ரேடியோ செற்றை விற்றாயிற்றா என்று போன மாதம் நீ கேட்டாய். ஜனா கம்பியூட்டரில் போட்டு நுகேகொடையில் ஒருவர் வாங்க நிற்கிறார் என்றும் சொன்னாய். நான் பாப்பம் பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டேன். விற்கக்கூடாது என்று நான் நினைக்கவில்லை, எனக்கு அது ஒரு இரும்புப் பெட்டிதான், அப்பா பின்னேரத்தில் அதற்கு முன்னால் இருந்து ஊர் பேர் தெரியாதவர்களோடு இங்கிலீசில் கதைப்பார், நான் பக்கத்து அறையில் பிளவுஸ் தைப்பேன், அவ்வளவுதான். ஆனால் போன கிழமை செவ்வாய்க்கிழமை ஷிப்லி கோல் எடுத்தார். ஷிப்லியை உனக்கு ஞாபகம் இருக்கும், கொட்டாஞ்சேனையில் அம்பிளிபயர் திருத்துகிறவர், அப்பாவோடு ரேடியோவில் கதைக்கிறவர்களில் ஒருவர், அவரின் மனைவி ரிஸ்லா எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் கொடுத்து விடுவா. அப்பாவின் ஆட்டைத் திவசம், முதல் வருசத்துத் திவசம், திதிப்படி இங்கிலீஸ் தேதிக்குப் பதினொரு நாள் முதலே முடிந்துவிட்டது, உன் பெரியப்பாவின் மகன் சாரங்கன்தான் பிண்டம் போட்டான், அதெல்லாம் உனக்குச் சொன்னேன். ஆனால் இந்த ரேடியோக்காரருக்குத் திதி தெரியாது, அவர்களுக்கு இங்கிலீஸ் தேதிதான் கணக்கு. அந்தத் தேதி இந்த முறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறதாம், வருசம் முடிகிற அன்று எல்லோரும் ஒரே இடத்தில் கூடி, கூடுவது என்றால் ரேடியோவில்தான், செத்தவரின் நம்பரை, லைசன்ஸோடு அரசாங்கம் கொடுக்கிற எழுத்தும் எண்ணும் சேர்ந்த ரேடியோப் பெயரை, மூன்று தரம் கூப்பிடுவார்களாம், பிறகு ஒரு நிமிசம் ஒருவரும் மைக்கின் பொத்தானை அமத்திப் பேசாமல் அவருக்கு இடம் விடுவார்களாம். காலமை எட்டு மணிக்குச் செற்றைப் போட்டு வையுங்க அக்கா, ஒங்களுக்கும் கேக்கணும் என்றார் ஷிப்லி. பிள்ளை, அதைக் கேட்ட நேரத்திலிருந்து எனக்கு வேறு நினைவு இல்லை. ஐயர் தர்ப்பையைப் போட்டுக் கோத்திரம் சொல்லிக் கூப்பிட்டபோது வராத ஒரு ஆசை இதற்கு வந்தது. அவரை அவர் சினேகிதர்மார் கூப்பிடுகிறதை ஒரு தரம் என் காதால் கேட்க வேண்டும்.

புதன்கிழமை செற்றைத் துடைத்து அப்பா செய்கிற மாதிரியே சுவிச்சைப் போட்டேன். வெளிச்சம் வந்தது, பப்படம் பொரிகிற மாதிரி ஒரு இரைச்சலும் வந்தது, மனிசக் குரல் ஒன்றும் இல்லை. பின்னேரம் ஷிப்லியே வந்தார். செற்றுக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, அக்கா வயர் எங்க என்றார். என்ன வயர் தம்பி என்றேன். அன்ரனா வயர், இது ஜன்னலுக்குப் பக்கத்துல வெட்டுப்பட்டு ஈக்கே என்றார். அதை வெட்டினது நான்தான், அந்த ஓட்டையால் நுளம்பு வந்து கடிக்கிறது என்று கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு ஓட்டையைச் சீமெந்தால் அடைத்தேன். அவர் பல்கனிக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். அங்கே நான் கட்டின நீல நைலோன் கயிறு மூன்று வரிசையாக இருக்கிறது. இதுல இருந்த பழைய கம்பி என்று கேட்டார். அது உடுப்புக் கொடி தம்பி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து துடக்குக் கழிக்க வீடு கழுவின அன்று கழற்றிப் போத்தல் பேப்பர்காரனுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். ஷிப்லி உடுப்பு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதற்கு மேலே இருந்துவிட்டார். அதுதான் அக்கா அன்ரனா என்றார்.

உஷாந்தி, ஒன்பது வருசம் எங்கள் வீட்டு உடுப்பு அன்ரனாவில் காய்ந்திருக்கிறது. எங்கள் தொடர்மாடியில் கூரையிலோ பல்கனிச் சுவருக்கு வெளியிலோ ஒரு ஆணியும் அடிக்கக்கூடாது என்று கொமிட்டி சட்டம் வைத்தது உனக்குத் தெரியும். அப்பா அரசாங்கத்திடம் லைசன்ஸ் எடுத்தவர், கொமிட்டிக்குத்தான் ஒளித்திருக்கிறார். எனக்கும் ஒளித்திருக்கிறார். ஏன் என்று ஷிப்லியிடம் கேட்டேன். நேசத்துக்குச் சொன்னா அது பைறோஸாவுக்குச் சொன்ன மாதிரி, அவளுக்குப் பொய் வாயில வராது என்று என்னைப் பற்றி அப்பா சொன்னவராம். பைறோஸாதான் கொமிட்டி செக்ரட்டரி, மூன்றாம் மாடி, என்னிடம் பிளவுஸ் தைக்கிறவ, நாளுக்கு இரண்டு தரம் வந்து கதைக்காவிட்டால் இருவருக்கும் சோறு சமிக்காது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரிதான். அப்போது ஷிப்லி பகிடியாக, நாகா அண்ணன் ஒவ்வொரு நாளும் உடுப்புக் காயப்போட்டது ஒங்களுக்கு உதவி எண்டா நெனச்சீங்க அக்கா, கம்பிய மறைக்கத்தான் என்றார். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, போனை எடுத்துப் பார்க்கிற மாதிரி நின்றார். இந்தத் தொடர்மாடியில் உடுப்புக் காயப்போடுகிற ஒரே ஆம்பிளை என் மனிசன் என்று நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன். பின்னேரம் சரியாக ஆறு மணிக்கு அவர் எடுத்து மடிப்பதும் செற் போடுகிற நேரத்துக்காகத்தான். அன்றிரவு முழுக்க அதையே யோசித்தேன். பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. கம்பியை மறைக்க இரண்டு துவாய் போதும். என் பிளவுஸ் எல்லாவற்றையும் வெயிலில் நிறம் போகாமல் உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் போடுவார். கம்பிக்கு நிறம் போனால் என்ன, போகாவிட்டால் என்ன. அதை நினைத்து இந்த வருசத்தில் முதல் தரம் தனியாக இருந்து சிரித்தேன்.

புதுக் கம்பி எங்கே கட்டுவது என்பதுதான் பாடு. திரைச்சீலைக் கம்பியில் கட்டலாமா என்று ஷிப்லி பார்த்தார், சுவர் முழுக்கக் கொங்கிறீட், உள்ளே கட்டினா ஒண்டும் கேக்காது என்றார். பழையபடி கொடியில் கட்டவும் ஏலாது, இந்த வருசம் தொடர்மாடிக்குப் பெயின்ற் அடித்த பிறகு கொமிட்டி எல்லா வீட்டுக்கும் நைலோன் கயிறுதான் என்று எழுதிவிட்டது. நான் புறா வலையைக் காட்டினேன். பல்கனிக்குப் புறா வருகிறது என்று எல்லா வீட்டுக்கும் ஒரே கறுப்பு வலை கொமிட்டியே அடித்துத் தந்தது. அதன் கண்ணுக்குள்ளால் கோத்து எடுக்கலாமே என்றேன். ஷிப்லி என்னைப் பார்த்த பார்வையை அப்பா பார்த்திருக்க வேண்டும். அடுத்த நாள் கிராண்ட்பாஸில் மோட்டருக்குக் கம்பி சுத்துகிற கடையில் மெல்லிய செப்புக் கம்பி வாங்கி வந்தார். சாக்கு ஊசியில் கோத்து, ஒரு கண் உள்ளே ஒரு கண் வெளியே என்று, சட்டைக்கு நாடா கோக்கிற மாதிரி வலையின் நாலு கரையிலும் இரண்டு சுற்று ஓட்டினேன். முறுக்கினால் உடையும், பல்கனியின் இரும்புக் கைப்பிடியில் முட்டக்கூடாது, இதுதான் ஷிப்லி சொல்லித் தந்தது, மிச்சம் என் கைக்குத் தெரியும். வியாழனும் வெள்ளியும் சோறு வைத்த நேரம் தவிர முக்காலியில்தான் நின்றேன். முக்காலியில் ஏறினதற்கு ஏசாதே, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். வெள்ளி பின்னேரம் முனையை ஜன்னலால் உள்ளே எடுத்துச் செற்றில் கொழுவினவுடன் இரைச்சலுக்குள்ளால் ஒரு ஆள் சிங்களத்தில் இருமிக்கொண்டு கதைத்தார். யாரென்று தெரியாது, அவரைக் கும்பிட்டேன்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பைறோஸா கை அளவு கொடுக்க வந்தா. அந்த நேரம்தான் வெயில் கடல் பக்கத்தால் நேரே பல்கனிக்குள் வரும். வலையின் கரை முழுக்கத் தங்கச் சரிகை மாதிரி மினுங்கியது. என்னா அக்கா, புறாவுக்குக் கலியாணமா, வலைக்குச் சரிகை வெச்சிருக்கீங்க என்றா. எல்லாவற்றையும் சொன்னேன், பழைய கொடியிலிருந்து தொடங்கி. அவ வலைக்குக் கிட்டப் போய்க் கம்பியை விரலால் தட்டிப் பார்த்தா. ஐந்தாம் மாடி யோகராஜுடைய டிஷ் அன்ரனாவை அவவே நின்று கழற்றுவித்தவ, அந்த ஆள் மூன்று மாதம் அவவோடு கதைக்கவில்லை. கடைசியில், நான் பாத்துட்டுப் பாக்கல்ல எண்டு சொல்ல ஏலா அக்கா, புதன்கிழம மீட்டிங், நாளைக்கு ஒரு நாள் அது அங்க ஈக்கட்டும், திங்கக்கிழம கழட்டுங்க, இல்லாட்டி ஒங்கட கையால கொமிட்டிக்கு எழுதித் தாங்க என்றா. அளவு பிளவுஸை வைத்துவிட்டுப் போய்விட்டா. இனி என்னோடு கதைக்க மாட்டா என்றுதான் நினைத்தேன்.

ஞாயிறு காலமை குளித்து, அப்பாவின் படத்துக்கு விளக்குக் கொளுத்திவிட்டுச் செற்றடியில் இருந்தேன். எட்டு மணிக்கு ஐந்து நிமிசம் இருக்கப் பைறோஸா வந்தா. செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தா. கண்டியிலிருந்து ஒருவர், மட்டக்களப்பிலிருந்து ஒருவர், இந்தியாவிலிருந்தும் ஒருவர், ஒவ்வொருவராகத் தங்கள் நம்பரைச் சொன்னார்கள். பிறகு ஷிப்லியின் குரல். ஃபோர் எஸ் செவன் என்று தொடங்கி அப்பாவின் நம்பரைக் கூப்பிட்டார். எனக்கு இங்கிலீஸ் வராது, ஆனால் அந்த எழுத்துகள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எத்தனை வருசம் கேட்டவை, என் பெயர் மாதிரித்தான். முதல் தரம் கூப்பிட்டார். இரண்டாம் தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் நம்பரைச் சொல்லி, நாகா, நாகா என்றும் சொன்னார். அதோடு சத்தம் நின்றது. மைக் எனக்கு முன்னால் இருந்தது. லைசன்ஸ் இல்லாமல் அதை அமத்துவது குற்றம் என்று ஷிப்லி சொல்லியிருந்தார், நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஆனால் வாயை வைத்துக்கொள்ள முடியவில்லை. அவர் இல்லை, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன் என்று செற்றுக்குச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். பைறோஸா என் முதுகில் கையை வைத்தா. ஒரு நிமிசம் முடிய ஷிப்லி எல்லோருக்கும் நன்றி சொன்னார், உடனே மட்டக்களப்புக்காரர் தன் புது பற்றறியைப் பற்றித் தொடங்கிவிட்டார், அதற்குக் கண்டிக்காரர் பதில் சொன்னார். நான் அழுதிருப்பேன் என்று நீ நினைப்பாய். அழவில்லை. அந்தப் பற்றறிக் கதை முடியுமட்டும் இருந்து கேட்டேன். ஒரு வருசமாக இந்த வீட்டில் இல்லாத சத்தம் அது.

திங்கட்கிழமை முக்காலியை எடுத்துக் கழற்றத் தொடங்கினேன், ஒரு கரை கழற்றிய பிறகு இறங்கி வந்து கொப்பியில் கடதாசி கிழித்தேன். கொமிட்டிக்கு எழுதுகிறதெல்லாம் அப்பாதான், என் கையெழுத்து அங்கே போனதே இல்லை. நாலு வரி எழுதினேன். என் கணவர் ஒன்பது வருடம் உங்களுக்குத் தெரியாமல் கம்பி கட்டியது பிழை. நான் பேச மாட்டேன், கேட்க மட்டும். கம்பி வலைக்குள்தான் இருக்கும். யாருடைய டிவியிலும் ஒரு கோடு விழுந்தால் அன்றைக்கே கழற்றுவேன். பைறோஸா அதை நேற்று மீட்டிங்கில் சத்தமாக வாசித்தா. யோகராஜ் எழும்பி, என் டிஷ்ஷ கழட்டச் சொன்னீங்க, நேசம்மாவுக்கு மட்டும் என்னாங்க சட்டம் என்று கேட்டார். அது நியாயம்தானே, நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். பிறகு அவரே, சரி, அந்தம்மா என் டிஷ்ஷையும் வலைக்குள்ள வச்சுத் தச்சுக் குடுத்தா நான் கையத் தூக்குறேன் என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தைக்காமலே கையைத் தூக்கினார். எல்லோரும் சம்மதித்துக் கடிதத்தைக் கோவையில் போட்டுக்கொண்டார்கள், கழற்றிய கரையை இன்று காலமை திரும்பக் கோத்துவிட்டேன். ஆகையால் ஜனாவிடம் சொல்லு, நுகேகொடைக்காரரிடம் மரியாதையாக மன்னிப்புக் கேட்கட்டும், செற் விலைக்கு இல்லை. அங்கே வந்து உங்களோடு இருக்கச் சொல்லிக் கேட்டாயே, கோடையில் மூன்று மாதம் வருகிறேன், நிரந்தரமாக இப்போது வேண்டாம்.

தாரிகாவுக்குத் தலைக்கு எண்ணெய் வை, காது மூடாமல் வெளியே விடாதே. ஜனா வேலை வேலை என்று சாப்பாட்டை விடாமல் பார். நீங்கள் மூவரும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் நீடூழி வாழப் பிள்ளையார் துணை நிற்பார், அப்பாவும் அங்கேயிருந்து பார்த்துக்கொள்வார்.

ஒன்று மறந்துவிடாதே. அந்த ரேடியோக்காரர் ஒவ்வொரு ஞாயிறும் எட்டு மணிக்குக் கூடுகிறார்கள். உங்கள் சனிக்கிழமை இரவு அது. அந்த ஒரு மணித்தியாலம் எனக்குக் கோல் எடுக்காதே, எடுக்க மாட்டேன். ஒன்பதுக்குப் பிறகு எடு, கண்டியில் மழையா வெயிலா என்று சொல்லுகிறேன்.

உன்னை எந்நேரமும் நினைத்திருக்கும் அம்மா,
நா. நேசம்