மறுபடியும் அதே கம்பெனி வண்டி

இன்று மதியம் தேனியில் கார் ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் புது சீட்டின் வாசனை முகத்தில் அடித்தது. உறை பிரிக்காத சீட்டுக்கென்று ஒரு வாசனை உண்டே, அதுதான். நாம் நம் காரை எடுத்த அன்று, உறையைப் பிரிக்கவே கூடாது என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தீர்கள். போடிக்கு வந்து சேர்வதற்குள் வேர்த்து, முதுகெல்லாம் ஒட்டிக்கொண்டு, முதல் ஆளாக நீங்களே அதைக் கிழித்துப் போட்டீர்கள். அது நினைவுக்கு வந்து, ஷோரூம் என்றும் பாராமல் சிரித்துவிட்டேன். நீங்கள் போன பிறகு உங்களை நினைத்து அழுததுதான் அதிகம். சிரித்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் போனது நம் சாம்பல் நிறக் காரின் கம்பெனிக்குத்தான்.

ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த எல்லாரும் உயரமான பெரிய வண்டியாக வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், தரையோடு தரையாகப் போகும் அந்த செடானை எடுத்ததற்கு உங்கள் அண்ணன் என்ன கேலி செய்தார்! “மலைக்குப் போற வண்டியாடா இது?” என்று வாசலிலேயே நின்று கேட்டார்.

“தோட்டத்துப் பாதையில எப்படியும் ஜீப்புதான் ஏறும்ணே. தார் ரோடு வரைக்கும்தான நமக்கு வண்டி?” என்றீர்கள் நீங்கள்.

அந்தத் தார் ரோட்டிலும் பாதிக்கு மேல் ஓட்டியது நான்தான். மதுரைக்கு என்றால் நீங்கள் ஓட்டுவீர்கள். வளைவு வளைவாகத் திருப்ப உங்களுக்குப் பொறுமை கிடையாது. மலைக்கு என்றால் அடிவாரத்தில் முந்தல் வந்ததும் ஓரங்கட்டி இறங்கி, “இனி ஒன் சோலி” என்று இடப்பக்கம் வந்து ஏறிக்கொள்வீர்கள். மலை மேல் போடிமெட்டில் டீக்கடை ஓரம் காரை நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஜீப்பில் தோட்டத்துக்குப் போவோம். திரும்பும்போது டிக்கியில் ஏலக்காய் மூட்டை இருக்கும். அந்த மணம் காரை விட்டுப் போனதே இல்லை.

உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகு கார் போர்ட்டிகோவிலேயே நின்றது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நம் மகன் அதைப் பார்க்கமுடியாமல் பின்வாசல் வழியாகவே போய் வந்தான். கடைசியில் அதை விலைக்குக் கொடுத்துவிட்டு, வேறொரு கம்பெனியின் உயரமான வண்டியை எடுத்து வந்தான். “ஒசரமா இருந்தா மலைக்கு நல்லதும்மா. நீ தனியா போவேல்ல” என்றான். என் மேல் இருந்த அக்கறையில் செய்தது. நல்ல வண்டிதான். ஆனால் என் உயரத்துக்கு அதில் உட்கார்ந்தால் முன்பக்கம் எங்கே முடிகிறது, ரோட்டின் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

ஒருநாள் ஏற்றத்தில், ஒரு வளைவில், தொழிலாளிப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பு மேலிருந்து இறங்கியது. நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி அணைந்துவிட்டது. மறுபடி கிளப்பியபோது பின்னால் உருண்டது. பின்பக்கம் பள்ளம். பிரேக்கை இறுக மிதித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஜீப்பு டிரைவர் ஓடிவந்தார்.

“எறங்குங்கக்கா, நான் எடுத்துத் தர்றேன்.”

இறங்கி நின்றேன். “பாவம், அண்ணே இருந்திருந்தா இப்பிடி விட்டிருப்பாரா?” என்று ஜீப்புக்குள்ளிருந்து ஒருத்தி சொன்னாள். அவள் இரக்கத்தோடுதான் சொன்னாள். எனக்கு அது ஆழமாகத் தைத்துவிட்டது. நீங்கள் பக்கத்தில் இருந்ததால்தான் என்னால் ஓட்ட முடிந்திருக்கிறது, உங்களோடு அதுவும் போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அப்புறம் மலைக்கு ஓட்டவில்லை. ஆள் வைத்துக்கொண்டு போனேன். ஆள் கிடைக்காத வாரம் போகவில்லை. வாரா வாரம் போனது மாதம் ஒருமுறை ஆகி, அதுவும் நின்றது. போன மாதம் மகன் போனில், “போய்ப் பாக்க முடியலேன்னா தோட்டத்தக் குடுத்துருவோமாம்மா?” என்றான். அவனிடம் கோபப்பட முடியவில்லை. ஆனால் இரவெல்லாம் நீங்கள் நட்ட நிழல் மரங்கள்தான் கண்ணுக்குள் நின்றன. சரி, கடைசியாக ஒருமுறை முயற்சி செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஷோரூமில் இருந்தது நம் பக்கத்துப் பொட்டிபுரத்துப் பெண். வெள்ளை செடான் ஒன்றைக் காட்டினாள். உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் தலையைத் தூக்காமலே ரோடு தெரிந்தது.

“இத மலையில ஓட்டிப் பாக்கணும் தாயி.”

“பைபாஸ் வரைக்கும்தாம்மா குடுப்போம்.”

“பைபாஸ்ல ஓட்ட எனக்கு வண்டியே வேணாம். மலை ஏறுனாத்தான் வாங்குவேன்.”

அவள் மேனேஜரிடம் போய்க் கெஞ்சிக் கேட்டுவிட்டு வந்து, பக்கத்தில் ஏறிக்கொண்டாள். போடியைத் தாண்டி முந்தலில் ஒரு நிமிடம் நிறுத்தினேன். மெதுவாக ஏற ஆரம்பித்தேன்.

நான் பயந்தபடியே ஒரு வளைவில் ஜீப்பு இறங்கியது. வேலை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம். அந்தப் பெண் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். நான் ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன். ஜீப்பு உரசாமல் கடந்தது. கிளட்சை மெல்ல விட்டேன். ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல் வண்டி மேலே ஏறியது.

“எம்மா, நான் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க சாதாரணமா போறீகளே!” என்றாள் அவள்.

அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தபோதுதான் அது உறைத்தது. அந்த சீட்டில் நீங்கள் ஒருநாளும் இப்படி உட்கார்ந்ததில்லை. மூன்றாவது வளைவுக்கு முன்பே தூங்கிப்போவீர்கள். வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுக்கொண்டு, போடிமெட்டில் நான் தட்டி எழுப்பும்வரை! எதிரே எத்தனை ஜீப்பு வந்தது, எத்தனை மழை அடித்தது, மூடுபனியில் எப்படித் தடவித் தடவி வந்தேன் என்று எதுவுமே உங்களுக்குத் தெரியாது. இத்தனை காலமும் நானேதான் ஓட்டியிருக்கிறேன்! அதை எப்படி மறந்தேன்?

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். சிரிப்பும் கண்ணீருமாக வந்தது. அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “ஒண்ணுமில்ல தாயி. ரொம்ப நல்லாருக்கேன்” என்றேன். உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. நெடுநாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போய்விட்டது.

சாயங்காலம் மகனுக்குப் போன் செய்தேன். தோட்டத்தைக் கொடுக்க வேண்டாம், பெரிய வண்டியைக் கொடுத்துவிடு என்றேன். நிறம்தான் இன்னும் முடிவாகவில்லை. அவன் வெள்ளை என்கிறான், எனக்குச் சிவப்பில் ஒரு கண்.

“தனியாவா போகப்போற? பயமா இல்லையாம்மா?” என்று கேட்டான்.

“இல்லடா” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்குள் தேடிப் பார்த்தேன். இல்லைதான். உயிரை என் கையில் கொடுத்துவிட்டு, பள்ளத்தின் ஓரத்தில் நிம்மதியாகத் தூங்கிய ஒரு மனிதரோடு வாழ்ந்திருக்கிறேன். நீங்கள் என் மேல் வைத்திருந்த அந்த நம்பிக்கையை இனி நானும் என் மேல் வைத்துக்கொள்கிறேன்.