லூசியஸின் மன்னிப்பு மனு

சின்சினாட்டி,
4 ஆகஸ்ட் 1865

என் தங்கை லவீனியாவுக்கு,

வழக்கறிஞர் ஜொசையா பெல்நாப் எழுதுவது. வடக்குக்கும் தெற்குக்குமான போர் தொடங்கியதிலிருந்து நமக்குள் கடிதப் போக்குவரத்து இல்லாமையால், உடன்பிறந்தவளிடமும் பெயரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. நோக்கம் ஒன்றே: உன் கணவரின் மன்னிப்பு மனுவில் நான் ஏன் சாட்சிக் கையெழுத்து இடவில்லை என்பதைத் தெரிவித்தல்.

தோற்ற தரப்பில் நின்றவருக்கு அதிபரின் மன்னிப்பு கிடைக்காவிடில் உங்கள் நிலம் பறிபோகக்கூடும் என்பதை அறிவேன். ஆயினும், ஜார்ஜியா அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோக லூசியஸ் வாக்களித்தது சுங்க வரியை எதிர்த்தே என்கிறது மனு. அந்த வாக்கெடுப்பு நடந்த மாநாட்டுக்கு அவர் புறப்பட்ட அன்று நானும் உங்கள் வீட்டில் உணவருந்தினேன். பரிமாறிக்கொண்டிருந்த அடிமைப் பெண் மினெர்வாவைச் சுட்டிக்காட்டி அவர் சொன்னார்: "வடக்கத்தியான் ஆட்சிக்கு வந்தா இவங்களையெல்லாம் அவுத்து விட்டுடுவான், மச்சான். அப்புறம் பருத்தி பறிக்க நீ வருவியா? பிரிஞ்சுதான் போகணும்." வரி என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.

உண்மையை எழுதினால் கையெழுத்திடுவேன்.

உன் அண்ணன்,
ஜொசையா

மேக்கன், ஜார்ஜியா,
29 ஆகஸ்ட் 1865

அன்பு அண்ணா,

நலமா என்று கேட்கக்கூட உன் சட்டத்தில் இடமில்லையா? ஏதோ இருக்கிறோம். மினெர்வா போய்விட்டாள், கடைத்தெருவில் சொந்தமாகச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறாள். வழியில் பார்த்தால், "என்னம்மா, அடுப்பு பத்த வைக்கப் பழகிட்டீங்களா?" என்று சிரிக்கிறாள். பழகிவிட்டேன். கையெல்லாம் கொப்புளம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் குதித்தார். "உங்க அண்ணன் செத்தாலும் சட்டப்படிதான் சாவான்! எல்லாரும் வரின்னுதான் எழுதறாங்க. நான் மட்டும் எதுக்கு மாத்தணும்?"

"அப்போ நம்ம எட்வின் வரிக்காகத்தான் போர்ல செத்தானா?" என்றேன்.

"வரிக்காக எவனாவது பெத்த பிள்ளைய அனுப்புவானாடி?"

கத்திய பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிள்ளை செத்த சேதி வந்த அன்றும் அழாத மனிதர், அண்ணா, அன்று அழுதார்.

மறுநாள் அவரே வேறு மனு எழுதினார். அடிமைகளை இழக்கக்கூடாது என்றே வாக்களித்தேன், அது தவறு, அவர்களின் விடுதலையை ஏற்கிறேன் என்று. இத்துடன் வைத்திருக்கிறேன். இதனால் நிலம் போனால் போகட்டும். நேற்று வெகுநாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். நானும்தான்.

உன் லவீ

சின்சினாட்டி,
11 செப்டம்பர் 1865

அன்புத் தங்கை லவீ,

மனுவை வாசித்தேன். திருத்துவதற்கு எதுவுமில்லை, என் தொழிலில் இது அரிது. கையெழுத்திட்டுவிட்டேன்.

எட்வின் இல்லை என்பதை உன் கடிதத்தால்தான் அறிந்தேன். அதைப் பற்றி நேரில்தான் பேச வேண்டும்.

மன்னிப்பு நிச்சயம் என்று சொல்வது முறையாகாது. ஆனாலும் மனம் லேசாகியிருக்கிறது. இனி மாப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேசலாம். அவர் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும்.

நாளை காலை ரயிலில் வாஷிங்டன் செல்கிறேன். மனுவை உரிய அலுவலரின் கையில் நானே சேர்ப்பேன். அங்கிருந்து வீடு திரும்பாமல், நேரே மேக்கனுக்கு வருகிறேன்.

அன்புள்ள அண்ணன்,
ஜொசையா