கோப்பின் மூலையில் ஒரு வட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பெரியவள் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலையும் போய்விடவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கூரியரில் கடிதம் என்று பதற வேண்டாம். போனில் நான் இதைச் சொன்னால் உங்கள் குரல் மாறும்; அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

கல்லூரிச் சேர்க்கைக்கு ஆலோசனை கேட்க எங்கள் கம்பெனியின் நம் ஊர்க் கிளைக்குத் தங்கையைக் கூட்டிப்போய், அவளுடைய கோப்பைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். ‘சார் தங்கமான மனுஷன்மா, எந்தக் காலேஜ்னு அவரே முடிவு பண்ணிட்டாரு, டீகூட குடுத்தாரு, வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது’ என்று குரல் பதிவு வேறு. என் மூத்த பொண்ணும் உங்க கம்பெனிதான் என்று அங்கே எல்லோரிடமும் சொன்னீர்களாம். தங்கை சொல்லிச் சிரித்தாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தின் வலது மூலையில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம்.

அதை நான் இங்கே தினமும் போடுகிறேன் அப்பா. வரவேற்பில் எனக்கு முக்கியமான வேலையே அதுதான். சான்றிதழ்களைத் துணிக்கடைக் கவரில் கொண்டுவருகிறவர்கள், நாற்காலி நுனியில் உட்காருகிறவர்கள், ‘நீங்களே பாத்து நல்லதா சொல்லுங்க’ என்கிறவர்கள். அவர்கள் கோப்பில் வட்டம். கேள்வி கேட்க மாட்டார்கள் என்று அர்த்தம். உள்ளே ஆலோசகரிடம் இரண்டு புத்தகங்கள் உண்டு. தடித்ததில் எல்லாக் கல்லூரிகளும் இருக்கும். மெலிந்ததில், இடம் நிரம்பாமல் எங்களிடம் ஆள் கேட்கும் கல்லூரிகள் மட்டும். வட்டம் விழுந்தவர்களுக்குத் தடித்த புத்தகம் திறக்கப்படாது. டீயும் அவர்களுக்குத்தான்.

எத்தனை பிள்ளைகளை அந்த மெலிந்த புத்தகத்துக்குள் தள்ளினேனோ, தெரியாது. நம் கோப்பில் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அது வட்டம் போட்டதைவிடக் கேவலம்.

தங்கை புள்ளியியல் படிக்க வேண்டும் என்கிறாள். அவள் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும். ‘பொண்ணுக்கு அதெல்லாம் எதுக்கு’ என்று அந்த சார் கேட்டதும் நீங்கள் தலையாட்டினீர்களாம். இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

ஆலோசனை கேட்கப் போனது தப்பில்லை. நம் வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வேறு யாரைக் கேட்பது? ஆனால் நீங்கள் பம்பு மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். கருகிய காயிலை வீட்டுக்காரர் கையில் கொடுத்துக் காட்டாமல் புதுக் காயில் சுற்றியதே இல்லை. ‘நல்லா பாத்துக்குங்க, அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது’ என்பீர்கள். அந்த சாரையும் அப்படிக் காட்டச் சொல்லுங்கள். தடித்த புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். புள்ளியியல் எங்கெல்லாம் இருக்கிறது, போன வருடம் முடித்தவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள், அவர்களில் ஒருவரோடு பேச முடியுமா? எரிச்சல்படுவார். படட்டும்.

இன்று காலை ஓர் அம்மா மகளோடு வந்தார். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியில் உட்கார்ந்தார். நான் வட்டம் போடவில்லை. பென்சில் தொலைந்துவிட்டது என்று மேனேஜரிடம் சொன்னேன். நாளைக்குப் புதுப் பென்சில் வரும். என்ன செய்வேன் என்று இன்னும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை தங்கையை உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள். அவளே பேசட்டும். டீ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், அப்பா, நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள்.

உங்கள்
பெரியவள்