கதவடிக் கதிரை

என் கண்ணான சுபைதா,

பயந்துவிடாதே, நான்தான் எழுதுகிறேன். கடைக்கார ஜமால் எழுதித் தரவில்லை. ஒரு வரி முடிப்பதற்குள் பிளேன்டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும். எழுபத்திரண்டு வயதில் என் பெயரை நானே எழுதிய அன்று, பாண் வாங்கப் போனவன் பாண் சுற்றிய பேப்பரையும் வாசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

நீ மவுத்தான பிறகு இந்த வீட்டில் கதை நின்றுபோயிற்று. நம் நஸீமா கையால் சொல்வது உனக்குத்தானே விளங்கும்? காது கேளாத மகளுக்கும் எழுத்துத் தெரியாத வாப்பாவுக்கும் நடுவில் நீ இருந்தாய். நீ போனதும் அவள் கலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதி நீட்டினாள். நான் அதை ஜமாலிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னேன். மகள் எனக்குச் சொன்னதை எனக்கு முன்னே கடையில் இருந்தவர்கள் கேட்டார்கள். அதனால்தான் பள்ளிவாசல் பக்கத்து எழுத்து வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

உனக்கு ஒரு செய்தி. நஸீமா வேலைக்குப் போகிறாள். உப்புப் பக்கெட் பண்ணும் தொழிற்சாலை. போன வருடம் சேர்ந்தாள். ‘விசேட தேவையுடையோருக்கும் இங்கே இடமுண்டு’ என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். எழுத்துப் படித்ததும் நான் தட்டுத்தடுமாறாமல் வாசித்த முதல் பலகை அதுதான். வாசித்ததுமே சந்தேகம் வந்தது. உண்மையாக இடம் கொடுக்கிறவனுக்குப் பலகை எதற்கு?

சோற்றுப் பார்சலைச் சாட்டாக வைத்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தேன். பெண்கள் இரண்டு வரிசையாக, முகம் பார்த்து உட்கார்ந்து உப்பை நிரப்பி மெசினில் பையை ஒட்டுகிறார்கள். நம் பிள்ளை மட்டும் கதவடியில், தனிக் கதிரையில், லேபல் ஒட்டிக்கொண்டிருந்தாள். வெளியூர் ஆட்கள் கமராவோடு வந்தால் முதலில் நிற்பது அவளிடம்தான். பிறகும் நாலைந்து தடவை போனேன். ஒரு நாள் கலண்டர் தாள் வந்தது: ‘வாப்பா, வேவு பார்க்க வந்தால் தொப்பியைக் கழற்றிவிட்டு வாங்க. தூரத்திலேயே தெரியுது.’

போன கிழமை வந்த தாளில் சிரிப்பு இல்லை. ‘எனக்கு மெசின் வேலை தெரியும். சாப்பாட்டு நேரத்தில் பழகினேன். கேட்டால் தலையை ஆட்டுறாங்க, தருவதில்லை. இப்படியே இருக்கிறதென்றால் நான் நின்றுவிடுகிறேன்.’

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். தொழிற்சாலையில் பெண்களுக்குப் பொறுப்பான பரீதாவிடம் கேட்டேன்.

“மகள், என்ட புள்ளய கதவடியில பொம்ம மாதிரி ஏன் வச்சிருக்கிற? படம் பிடிக்கவா?”

“கோவப்படாதீங்க மாமா. இங்க வந்து பாருங்க.”

மெசினுக்கு மேலே ஒரு சிவப்பு பல்ப். பை சிக்கினால் மற்றப் பெண்கள் ‘நிப்பாட்டு’ என்று கத்துவார்களாம். நஸீமாவுக்குக் கேட்காதே, அதனால் பக்கத்தில் இருப்பவள் சுவிட்சைத் தட்டினால் பல்ப் எரியும்.

“அவ வேலைக்கு வாரா எண்டுதான் இதப் பூட்டின, எட்டு மாசமாச்சு. இங்க அவட கதிரை சும்மா கிடக்கு.”

“அப்ப ஏன் குடுக்கல்ல?”

“வாப்பா வேணாமெண்டு எழுதித் தந்தா நாங்க என்ன செய்ற?”

அலுமாரியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். எல்லாப் பெண்களும் பார்த்திருக்க, எழுத்தெழுத்தாகக் கூட்டி உரக்க வாசித்தேன். ‘என் மகளை மெசின் பக்கம் விடவேண்டாம். மற்றவர்களோடு இருத்தவேண்டாம், கேலி பண்ணுவார்கள். கதவடியில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருத்தவும்.’ கீழே என் கைநாட்டு.

ஜமால் ஒரு சொல்லையும் கூட்டவில்லை. அவளை வேலையில் விட்ட அன்று பயத்தில் நான் சொல்லி மறந்துபோனது, நான் சொன்னபடியே இருந்தது. இத்தனை நாளும் அடுத்தவன் வஞ்சகத்தைத் தேடி அந்தக் கதவை எட்டிப் பார்த்தவன் நான், சுபைதா.

“மாமா நல்லாத்தான் வாசிக்கிறீங்க. இனி பாத்து எழுதுங்க,” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அந்த வெட்கத்திலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். ஓர் எழுத்தும் பிழைக்கவில்லை.

ஆனாலும் விடவில்லை. “இந்தக் கடிதம் இருக்கிறது அவளுக்குத் தெரியுமா? அவள்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?” என்றேன்.

பரீதா தலையைக் குனிந்தாள். “இல்ல மாமா. மனசு நோகுமெண்டு சொல்லல்ல.”

முப்பது வயதுப் பெண்ணைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாயா?

இரண்டு நாள் உட்கார்ந்து புதுக் கடிதம் எழுதினேன். ‘என் பழைய கடிதத்தைக் கிழித்துவிடவும். எங்கே இருப்பது என்பதை நஸீமாவே சொல்வாள்.’ மனம் கேட்கவில்லை, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘இருந்தாலும் பிள்ளையை ஒரு கண் பார்த்துக்கொள்ளவும்.’ பழைய கடிதத்தின் கதையையும் ஒரு கலண்டர் தாளில் எழுதி, இதோடு சேர்த்து அவளிடம் கொடுத்தேன். வெகுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு பேனையை எடுத்து, அந்தக் கடைசி வரியை மட்டும் வெட்டிவிட்டுத் திருப்பித் தந்தாள்.

வெட்டிய கோட்டோடேயே கையெழுத்துப் போட்டேன். நாளைக் காலை அவளே கொண்டுபோவாள்.

அந்த பல்ப் மேல் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. பியூஸ் போனால் யார் மாற்றுவார்கள்? ஆனால் இனி கதவடியில் போய் நிற்கமாட்டேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. என்ன சந்தேகம் வந்தாலும் கலண்டர் தாளில் எழுதி முதலில் அவளிடம் கேட்பேன். அவள் எழுதும் பதிலை நானே வாசிப்பேன்.

உன் புருசன்,
நஸீமாவின் வாப்பா
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)